பயத்தை விற்று பணம் பண்ணும் ஆசாமிகள்!

பஸ் நிலைய கழிவறைக்குள் நுழைந்தால் சுவரில் அந்த நோட்டீசு கண்ணில் படும். "நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம்!" கீழே லாட்ஜின் பெயர், அறை எண், டாக்டர் வரும் தேதி.

அதைப் படிக்கிற வாலிபனுக்கு அதுவரை ஒரு கவலையும் இல்லை. படித்த பிறகுதான் கவலை பிடிக்கிறது!

லாட்ஜ் அறையில் நடப்பது எல்லா ஊரிலும் ஒரே நாடகம்தான். நாடி பிடிப்பார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். "தம்பி, கைப்பழக்கம் உண்டா?" என்பார். பையன் தலை குனிவான். ஆள் மாட்டிக்கொண்டான். "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கல்யாணத்துக்கே லாயக்கில்லாம போயிருப்பே" என்று ஒரு போடு போடுவார். ஒரு மாத சம்பளம் லேகிய டப்பாவாக மாறிவிடும். பிக்பாக்கெட் அடித்தாலாவது போலீசில் எழுதி வைக்கலாம். இதை யார் போய் சொல்வது? மானப் பிரச்சினை!

உண்மையில் உடம்பில் என்ன நடக்கிறது?

ஆசை எழுந்ததும் மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக உத்தரவு போகிறது. ஆண் உறுப்பில் உள்ள நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன. அது பட்டதும் ரத்தக் குழாய்களின் தசை தளர்கிறது. கடற்பஞ்சு போன்ற திசுவுக்குள் ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. திரும்பிப் போகிற குழாய்கள் நசுங்கி வழி அடைபடுகிறது. விறைப்பு என்பது இவ்வளவுதான். லாட்ஜ் டாக்டர் எந்த 'தளர்ச்சி'யைச் சொல்லி பயமுறுத்துகிறாரோ, அப்படி ஒரு தளர்ச்சி உள்ளே நடந்தால்தான் வேலையே நடக்கும்!

ரத்தக் குழாயில் இந்த வாயு செய்கிற வேலையைக் கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலிக்காக சோதித்துப் பார்த்த மருந்து ஒன்று வயாக்ரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே ஆண்டில்தான்.

பயந்தால் என்ன ஆகும்? அட்ரினலின் சுரக்கும். தளர வேண்டிய குழாய் சுருங்கிப் போகும். முதலிரவில் பல மாப்பிள்ளைகள் தடுமாறுவது இதனால்தான். அதாவது, லாட்ஜ் டாக்டர் மருந்து கொடுப்பதற்கு முன்பே நோயைக் கொடுத்து விடுகிறார்.

'ஒரு சொட்டு விந்துக்கு நூறு சொட்டு ரத்தம்' என்பதும் புளுகு. ஒரு தடவை வெளியாவது ஒன்றரை முதல் 5 மில்லி வரை. அதில் பெரும்பகுதி சுரப்பிகள் ஊற வைக்கிற திரவம். போனால் மறுபடி ஊறும். தூக்கத்தில் தானாக வெளியாவதும் நோய் அல்ல. நல்ல உடம்புக்காரன் தூங்கும்போது ஒரு இரவில் 3 முதல் 5 தடவை விறைப்பு வந்து போகிறது. அவனுக்கே தெரியாது. 'தாது போகிறது' என்று பயந்து ஓய்ந்து போகிற இளைஞர்களின் மனநிலைக்கு டாக்டர் என்.என்.விக் 1960-லேயே பெயர் வைத்து விட்டார்.

நோட்டீசில் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் என்ற டாக்டரும் ஜான்சன் என்ற பெண்மணியும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் சோதனைக் கூடத்தில் வைத்து ஆராய்ந்து 1966-ல் புத்தகம் போட்டார்கள். பெண்ணுக்கும் அதே ரத்த ஓட்டம்தான். உள்சுவரில் ஈரம் கசிகிறது, நாடி எகிறுகிறது, மூச்சு வாங்குகிறது. ஆனால் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமிக்கொண்டிருந்தால் எந்த லேகியம் என்ன செய்யும்?

வயது நாற்பதைத் தாண்டியவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு தொடர்ந்து இந்தக் குறை இருந்தால் சர்க்கரையோ, ரத்தக் கொதிப்போ, சிகரெட்டோ காரணமாக இருக்கலாம். இங்குள்ள குழாய் இதயத்துக் குழாயைவிட மெல்லியது. அதனால் முதலில் அடைப்பது இங்கே, மாரடைப்பு சில வருஷம் கழித்து. லேகியத்தை நக்கிக்கொண்டு அந்த வருஷங்களை வீணாக்கினால் குடும்பம்தான் நடுத்தெருவுக்கு வரும். மூலிகை என்று விற்கிற சரக்கில் வயாக்ரா மருந்தைக் கலந்து விற்று பிடிபட்டதும் உண்டு. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். உயிருக்கே ஆபத்து.

அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு காசு கிடையாது. சர்க்கரையும் பார்ப்பார்கள், பிரஷரும் பார்ப்பார்கள். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

'ஆண்மை கூடும்' என்று விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ம் ஆண்டு சட்டம் அது. முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில், மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை. குற்றவாளியைத் தேடி போலீசார் அலைய வேண்டியதும் இல்லை. லாட்ஜ் பெயர், அறை எண், வருகிற தேதி எல்லாம் சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.