நீங்க என்ன ஆளுக?

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சூடான பதிவு. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம்.

எங்க ஓட்டப்பிடாரம் பக்கம் புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல பேரு கேட்பாங்க, அப்புறம் ஊரு, கடைசியா மெதுவா "நீங்க என்ன ஆளுக?" பதிலைப் பொறுத்துத்தான் மரியாதை. வ.உ.சி. பிறந்த ஊர்லயே இந்தக் கேள்வி இன்னும் ஓயலை. இதே கேள்வியைத்தான் நம்ம நிரல்களிலும் வரிக்கு வரி கேட்டுக்கிட்டு இருக்கோம்.

தூத்துக்குடி உப்பு வியாபாரி ஒருத்தருக்கு பைத்தான்ல பில் போட ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். 'உப்பு'ன்னு ஒரு கிளாஸ், அதாவது இனம். ஒவ்வொரு மூட்டையும் அதில் பிறந்த ஆப்ஜெக்ட். "டைப் உப்புதானா? ஆமான்னா இந்த விலை, இல்லைன்னா பூஜ்யம்"னு எழுதி வச்சிருந்தேன். பிறகு உப்புக்குப் பிள்ளையாக 'அயோடின் உப்பு' கிளாஸைச் சேர்த்தேன். டைப் சமமான்னு ஒப்பிட்டால் பிள்ளை கிளாஸ் தேறாது. எர்ரரும் வராது. மூணு நாள் அயோடின் உப்பு எல்லாம் பூஜ்யம் ரூபாய்க்குப் போச்சு. "தம்பி, தானம் பண்ணவா கம்ப்யூட்டர் வாங்குனேன்?"ன்னார் அண்ணாச்சி.

"ஐஸ்இன்ஸ்டன்ஸ் போட வேண்டியதுதானே?" என்பார்கள். போடலாம், பிள்ளையையும் சேர்த்துக்கும். ஆனா பைத்தான்ல பூலியன், இன்டீஜரோட பிள்ளை. மூட்டை எண்ணிக்கை முழு எண்ணான்னு கேட்டா 'ட்ரூ'வும் தேறி, ஒரு மூட்டையாகக் கணக்கில் உட்காரும்! ஜாவாஸ்கிரிப்ட்ல டைப்ஆஃப் போட்டா, ஒண்ணுமில்லாத 'நல்'லையே ஆப்ஜெக்ட்னு சொல்லும். ஜாவா 2021ல, 16ஆம் பதிப்பில், இன்ஸ்டன்ஸ்ஆஃப் எழுதுறதை இன்னும் சுலபமாக்கியது. கேட்பது சுலபமானால் கேள்வி சரியாகிவிடுமா?

என் கட்சி இதுதான்: "உன் விலை என்ன?"ன்னு அந்த மூட்டையிடமே கேளுங்க. ஒவ்வொரு கிளாஸும் தன் விலையைத் தானே சொல்லட்டும். நாளைக்குப் புது உப்பு வந்தாலும் பில் போடும் வரியைத் தொட வேண்டாம். விலை சொல்லத் தெரியாத ஆப்ஜெக்ட் வந்தால் அங்கேயே எர்ரர் அடிச்சு நிக்கும். சத்தமில்லாமல் பூஜ்யம் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சோதனையே வேண்டாம்னு சொல்லலை. ஃபைல்ல இருந்தோ படிவத்தில் இருந்தோ வரும் தரவை வாசல்ல நிறுத்திச் சோதிங்க. வீட்டுக்குள்ள அறைக்கு அறை எதுக்கு செக்போஸ்ட்?

பிறப்பைக் கேட்காதீங்க, வேலையைக் கேளுங்க. ஊருக்கும் இதுதான், நிரலுக்கும் இதுதான். மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்தில் வந்து கும்மலாம்.

டிஸ்கி: அந்த மூணு நாள் நட்டத்தில் பாதி என் தலையில். கோபம் வராம என்ன செய்யும் :-)