ஒளிந்துகொள்வது குற்றமா?



கடந்த தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு என் மாணவன் ஒருவனின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். நான்காம் ஆண்டு பயில்பவன். வகுப்பில் கையுயர்த்திப் பேசாதவன். வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு அருகில் ஈரடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. கொஞ்சம் மணல், பளிச்சென்ற நீல விளக்கு, கவிழ்த்து வைத்த ஒரு பூச்சாடி. வேறெதுவும் தென்படவில்லை.

“உள்ள குரித்தா இருக்கு டீச்சர், ஆக்டோபஸ்! படகுக்காரர்கிட்ட உயிரோட வாங்கினேன்,” என்றார் தந்தை. சொல்லிக்கொண்டே கார்ச் சாவியால் கண்ணாடியைத் தட்டினார். சாடியின் விளிம்பில் ஒரு கை மெல்ல அசைந்து உள்ளே போனது. மீண்டும் தட்டினார். “ரெண்டு வாரமாச்சு, மொகத்தையே காட்ட மாட்டேங்குது. அப்படியே இவன் மாதிரி!” என்று மகனைக் காட்டிச் சிரித்தார். வந்திருந்தோரும் சிரித்தனர். பையன் முறுக்குத் தட்டைப் பார்த்தபடி நின்றான்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் இதனை எழுதுகிறேன்.

எண்காலி கூச்சப்படுகிறது என்கிறோம். எண்ணிப் பாருங்கள்: உடலில் ஓர் எலும்பில்லை; மீனுக்குள்ள செதிலில்லை, நண்டுக்குள்ள ஓடில்லை. அதன் உடலில் கடினமானது கிளியின் அலகு போன்ற வாய் ஒன்றுதான். விலாங்கும் பெருமீன்களும் தின்னக் காத்திருக்கும் கடலில், பொந்தும் நிறமாற்றமுமே அதற்குக் காப்பு. பல வகைகள் இரவில்தான் வேட்டையாடும். பகலெல்லாம் விளக்கெரித்து, கண்ணாடியைத் தட்டி, “வெளியே வா” என்பது எவ்வகையில் நியாயம்? மிரண்டால் அது மையைக் கக்கும். கடலில் அந்த மை அதனைக் காக்கும். சிறிய தொட்டியிலோ அதே மை அதன் செவுள்களை அடைத்து மூச்சைத் திணறச் செய்யும்.

அறிவில் குறைந்த உயிரா என்றால் அதுவுமில்லை. ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் கொண்டது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் உள்ளன. நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் இருந்த ‘இங்கி’ என்னும் எண்காலி, 2016ஆம் ஆண்டில் தொட்டி மூடியின் இடைவெளி வழியே வெளியேறி, தரையைக் கடந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்கே போய்விட்டது. நம் வீட்டு வரவேற்பறையில் வடிகால் இல்லை. அங்கிருந்து தப்பும் எண்காலி மறுநாள் காலையில் அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும்.

அமெரிக்காவின் சியாட்டல் காட்சியகத்தில் ஆய்வு செய்த ஜெனிபர் மாதர், ரோலண்ட் ஆண்டர்சன் இருவரும் 44 சிவப்பு எண்காலிகளைச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்த இயல்பு உண்டென 1993இல் வெளியிட்டனர். துணிந்து வருவதும் உண்டு, ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. அக்காட்சியகத்தில் ஓர் எண்காலி எந்நேரமும் பின்திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால், வீட்டைவிட்டு வெளிவராமல் வாழ்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சனின் பெயரை அதற்கு இட்டனர். மக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்க வரும் இடம் அது. ஆயினும் யாரும் சாவியால் தட்டவில்லை. இறுதியில் அதனைக் கடலிலேயே விட்டுவிட்டனர்.

‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ என்ற 2020ஆம் ஆண்டு ஆவணப்படம் பார்த்துத்தான் தமக்கு ஆசை வந்ததென அந்தத் தந்தை சொன்னார். நல்ல படம்தான். ஆனால் அதில் மனிதர்தான் நாள்தோறும் தென்னாப்பிரிக்கக் கடலின் குளிர்நீரில் இறங்கி அதனிடம் போனார். அது தானாகக் கை நீட்டும்வரை காத்திருந்தார். வீட்டுக்குத் தூக்கி வரவில்லையே!

“பொரித்துத் தின்கிறோம், வளர்த்தால் மட்டும் பாவமா?” என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நானும் சம்பல் சோத்தோங் உண்பவள்தான். புனிதர் வேடம் போடவில்லை. ஆனால் உண்பவர் யாரும் அதனிடம் அன்பு காட்டுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வளர்ப்பவர் சொல்கிறார். சொன்னால் அதற்குரிய கடமையும் உண்டு. சிறிய வகைக்கே 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். அதுவும் எண்காலியை விடுவதற்குச் சில மாதங்கள் முன்பே நீர் ஓடிப் பதப்பட்டிருக்க வேண்டும். நீரில் செம்பு சிறிதும் கலக்கக் கூடாது. உண்ண நண்டும் இறாலும், ஒளிய இருண்ட பொந்தும், கையால் தள்ளித் திறக்க முடியாத மூடியும் தேவை. இத்தனையும் செய்தாலும் பெரும்பாலான சிறு வகைகள் ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டுதான் வாழும். பெண் எண்காலி முட்டையிட்டால் உண்ணாமல் காவலிருந்தே இறந்துபோகும். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே யார் சொல்வது?

பெற்றோர்களே, இன்னொன்று. படகிலிருந்து வாங்குவது எந்த வகையென்று உறுதியாகத் தெரியுமா? நம் கடற்பகுதியில் நீலவளைய எண்காலியும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். மிரளும்போதுதான் அதன் நீல வளையங்கள் ஒளிரும். கடித்த வலிகூடத் தெரியாமல் போகலாம். ஆனால் அந்நஞ்சு மூச்சை நிறுத்தும், முறிமருந்தும் கிடையாது. அடையாளம் தெரியாததைப் பிள்ளைகள் கைவிடும் தொட்டியில் போடாதீர்கள்!

திறந்த இல்லத்திற்குப் பிறகு ஒரு நாள், ஓய்வு நேரத்தில் அந்தப் பையன் என் மேசைக்கு வந்தான். தானாக வந்தது அதுவே முதல்முறை. அப்பா உறங்கியபின் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பானாம். நெடுநேரம் கழித்து அது சாடியிலிருந்து வந்து, கண்ணாடியில் இவன் விரல் வைத்த இடத்தில் மறுபுறம் கை வைக்குமாம். நிறமும் மாறுமாம். பத்து நிமிடம் பேசினான். அவனது முதல் பருவத் தேர்ச்சி அறிக்கையில் ‘கூச்ச சுபாவம் உடையவன், திருத்திக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியவள் நான்தான்.

நான்காவது வாரம் அது இறந்தது. நேற்று அவன் தந்தை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: நல்ல ‘சுறுசுறுப்பான’ ஆக்டோபஸ் எங்கே கிடைக்குமென்று எனக்குத் தெரியுமா என்று. இன்று மாலை நேரில் போகிறேன். பையனும் உடனிருக்கும்போதுதான் பேசப் போகிறேன்.