இல்லறத்தார் குருமடம் செல்லலாமா?



கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து சகோதரி ஒருவர் மடல் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது 37. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டுபவர். மாதம் ஒருமுறையேனும் கல்வராயன் மலையேறிச் சென்று அங்குள்ள சில குடும்பங்களோடு செபித்து வருபவர். லுத்தரன் சபையைச் சேர்ந்த அவருடைய நண்பர் ஒருவர் மனைவி மக்களோடு மதுரைக்குக் குடிபெயர்ந்து இறையியல் பயில்கிறாராம். அதைக் கண்ட நாள்முதல், தாமும் குருமடம் செல்ல வேண்டும் என்ற எண்ணம் இவரை விட்டு அகலவில்லை.

சகோதரியின் கேள்விகள் மூன்று. நம் திருச்சபையில் இதற்கு இடமுண்டா? உண்டெனில், தம் தையல் இயந்திரமும் இரு பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும் என்ன ஆவது? தாம் வேண்டாமென்று சொன்னால், கடவுளின் அழைப்புக்குக் குறுக்கே நின்ற பாவம் தம்மைச் சேருமா?

முதற்கேள்விக்கு முதலில் விடை கூறுவோம். நம் இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையில் திருமணமானவர் பொதுவாகக் குருவாக முடியாது. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் திருமணமானவர் குருப்பட்டம் பெறும் மரபு தொன்றுதொட்டு உண்டு. ஆனால் பட்டம் பெற்றபின் மணம் புரிய இடமில்லை. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து நம்மோடு இணைந்த திருமணமான போதகர் சிலருக்கும் குருப்பட்டம் அளிக்கப்பட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டு அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றம், குருக்கள் கிட்டாத தொலைவிடங்களில் நற்சான்று பெற்ற இல்லறத்தாருக்குக் குருப்பட்டம் அளிக்கலாமா என்று எண்ணிப் பரிந்துரைத்தது. 2020-இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் மடல் அப்பரிந்துரையை மேற்கொள்ளவில்லை. ஆகவே பொதுவிதி மாறவில்லை.

ஆயினும் இல்லறத்தாருக்குத் திறந்த வாயில் ஒன்று உண்டு. அது நிரந்தரத் திருத்தொண்டர் பணி. திருத்தூதர் காலத்திலிருந்தே இருந்து, பின்னர் மேலைத் திருச்சபையில் குருத்துவத்துக்குச் செல்லும் ஒரு படியாக மட்டும் சுருங்கிப்போன இப்பணியை, 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் நிலைநாட்ட வழிசெய்தது. 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான விதிகளை வகுத்தார். இன்று உலகெங்கும் 50,000-க்கு மேற்பட்ட நிரந்தரத் திருத்தொண்டர் உள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களோடு வாழ்பவர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதி. ஆசியாவில் மிகக் குறைவு. நம் நாட்டில் மும்பை உயர்மறைமாவட்டத்தில் இத்தகையோர் பணியாற்றுகின்றனர். தமிழகப் பங்குகளில் இவர்களைக் காண்பது அரிது. இப்பணியை ஓரிடத்தில் ஏற்படுத்துவது ஆயர் பேரவையும் அந்தந்த ஆயரும் எடுக்க வேண்டிய முடிவு. ஒருவர் விரும்பியதால் மட்டும் நடந்துவிடாது.

திருத்தொண்டர் திருமுழுக்கு அளிக்கலாம்; மறையுரை ஆற்றலாம்; திருமணத்துக்குத் திருச்சபையின் சாட்சியாய் நிற்கலாம்; இறந்தோரை அடக்கம் செய்யலாம். திருப்பலி நிறைவேற்றவும் பாவமன்னிப்பு அளிக்கவும் அவருக்கு அதிகாரமில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் மலையூர்களை எண்ணிப் பாருங்கள். குரு வந்து சேருமுன் பொழுது சாய்ந்துவிடும் இடங்களில் இத்தகைய ஒருவர் இருந்தால் எத்துணை உதவி! உங்கள் கணவரின் ஆவலை நான் குறைவாக மதிப்பிடவில்லை.

இனி இரண்டாம் கேள்வி. குருமடம் என்றதும் நாம் கண்முன் காண்பது இளைஞர் வாழும் ஒரு பெரிய கட்டடம். அங்கே நாங்கள் மணியடித்தால் எழுந்தோம், மணியடித்தால் உண்டோம், மணியடித்தால் நூலை மூடினோம். அரிசி என்ன விலை என்று எவரும் எங்களைக் கேட்டதில்லை. இல்லற மாணவருக்கு மணி வேறு. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அதுவே அவருக்கு மணி. ஆகவே திருச்சபை அவரை வீட்டை விட்டு வரும்படி கேட்பதில்லை. திருச்சபைச் சட்டத்தின்படி, முதிர்ந்த வயதினருக்கு மூன்றாண்டுப் பயிற்சி. அதன் திட்டத்தை ஆயர் பேரவை வகுக்கும். 1998-இல் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறை, அந்த மூன்றாண்டில் வகுப்புகள் 1,000 மணி நேரத்துக்குக் குறையலாகாது என்கிறது. கணக்கிட்டால் வாரத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம். பள்ளி வேலை முடிந்த மாலைகளும் ஞாயிறு பிற்பகல்களும் அதற்கே போய்விடும். அந்த மணி நேரங்கள் யாருடைய கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன? மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க உதவிய கைகளிலிருந்து. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பொழுதிலிருந்து. படிப்புக்காகும் நேரத்தைக் குடும்பம் முழுவதும் சேர்ந்தே செலுத்துகிறது.

சகோதர சபைகளில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற நிலையங்களில் திருமணமான மாணவரும் பயில்கின்றனர். அவர்களுக்குப் பாடத்தைக் காட்டிலும் கடினமானது படிப்பு முடியும் காலமே. பணியிடம் எதுவென்று சபை அறிவிக்கும் வரை, அடுத்த ஜூனில் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும் என்பது தாய்க்குத் தெரியாது. மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு எல்லாம் புதிதாய்த் தொடங்க வேண்டும். நேற்றுவரை அண்டை வீட்டாரோடு குழாயடியில் பேசி நின்றவள், புதிய ஊரில் இறங்கியவுடன் ‘ஐயரம்மா’ ஆகிவிடுகிறாள். அவளிடம் எல்லாரும் தம் துயரைச் சொல்வர். அவள் தன் துயரைச் சொல்ல ஆளிருக்காது.

இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தொடக்கத்தில் அவர் தங்கியது கூடாரத்தில். 1912-இல் ஆயரானார். இவ்வரலாற்றில் ஆண்டுகளெல்லாம் கணவருடையவை. ஆனால் தாய்மொழி வழங்காத நாட்டில் குடும்பத்தை வேரூன்றச் செய்த உழைப்பு மனைவிக்கும் உரியதன்றோ?

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன், சகோதரியே. ‘வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னால் அது பாவமன்று. திருச்சபைச் சட்டம், திருமணமானவர் 35 வயது நிறைந்தாலன்றியும், மனைவியின் இசைவு இருந்தாலன்றியும் நிரந்தரத் திருத்தொண்டராக ஏற்கப்படலாகாது என்று வரையறுத்துள்ளது. மனைவியின் சொல்லைக் கேளாமல் மேலே செல்ல ஆயருக்கும் வழியில்லை. ஏன்? திருமணமும் ஓர் அருட்சாதனம். பலிபீடத்தின் முன் உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறி அவர் மற்றொரு பணிக்கு வாக்குக் கொடுக்க இயலாது. மேலும், திருத்தொண்டரின் மனைவி இறந்தால் அவர் பொதுவாக மறுமணம் செய்துகொள்ள முடியாது. இவ்வளவையும் அறிந்து, அச்சமின்றிச் சொல்லும் ‘ஆம்’ மட்டுமே இசைவாகும். ஊராருக்கு அஞ்சியோ, ‘சாமி காரியம்’ என்று வாயடைத்துப் போயோ சொல்வது இசைவாகாது.

அப்படியானால் உங்கள் கணவரின் ஆவலை அணைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 2021 மே 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்குரிய நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். ஆணும் பெண்ணும் அதனை ஏற்கலாம். நம் நாட்டில் உபதேசியார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொண்டுக்குத் திருச்சபை அளித்த மதிப்பு இது. அதற்கும் இறையியலும் விவிலியமும் கற்க வேண்டும். ஆனால் குடும்பத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை.

நான் கூறும் யோசனை இது. ஓராண்டு பொறுங்கள். அவ்வாண்டில் வாரம் ஆறு மணி நேரத்தை அவர் ஒழுங்காகப் படிப்புக்கு ஒதுக்கட்டும். வீட்டில் எது தடைப்படுகிறது, யார் சோர்ந்துபோகிறார் என்பதை இருவரும் மாதந்தோறும் உட்கார்ந்து பேசுங்கள். இயன்றால் அவர் மலையேறும் நாளில் ஒருமுறை நீங்களும் உடன் செல்லுங்கள். ஆண்டு முடிந்தபின் இருவரும் உங்கள் பங்குத்தந்தையைப் பாருங்கள். அவர் உங்களிடம் தனியாகவும் பேசவேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பங்குக் குடும்பங்களுக்கும் ஒரு சொல். இத்தகைய ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் பேச்சைப் புகழ்வதோடு நின்றுவிடாதீர்கள். அவர் வகுப்புக்குச் செல்லும் மாலையில் அந்த வீட்டு முதியவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். பிள்ளைகளை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திப் படிக்கச் செய்யுங்கள். திருத்தூதர் பணிகள் நூலில் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் கைம்பெண்களின் அன்றாட உணவைக் கவனிக்கத்தானே!

இறைவன் உங்கள் இல்லத்தில் தங்குவாராக.