குடுமியான்மலை வெயிலில் ஊட்டிச் செடி வளருமா?

வீட்டு வாசலில் ஓர் அழகுச் செடி வேண்டும் என்று ஆசைப்படுவது தவறு அல்ல. மாளிகைக்கு மட்டும்தான் அழகு சொந்தமா? ஓட்டு வீட்டுக்கும் அது வேண்டும். ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய செடி ஒரே மாதத்தில் கருகினால், காசும் போகிறது, மனமும் வாடுகிறது.

கோடை விடுமுறையில் பல குடும்பங்கள் ஊட்டிக்குப் போகின்றன. 1848-ல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்க்கின்றன. அங்கே ஊசி இலை மரங்களும், பொன் நிறக் குட்டைச் செடிகளும் கண்ணைப் பறிக்கின்றன. உடனே ஒரு செடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அந்தச் செடி புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து சேருகிறது. பிறகு என்ன? சித்திரை வெயில் அதை முடித்துவிடுகிறது!

குற்றம் யாருடையது?

செடியின் மேல் குற்றம் இல்லை. வளர்த்தவர் மேலும் குற்றம் இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவெல்லாம் குளிர். குடுமியான்மலையோ பாறையும் செம்மண்ணும் நிறைந்த சமவெளி. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். பாறை சூடேறினால் இரவிலும் அனல் அடிக்கும். குளிரில் பிறந்த செடி இதை எப்படித் தாங்கும்?

அப்படியானால் ஊசி இலைக் குடும்பத்துச் செடி எதுவுமே இங்கே வளராதா? வளரும். அதன் பெயர் துஜா. சீனா, கொரியா நாடுகளைச் சேர்ந்தது. வட இந்தியாவில் இதை 'மோர்பங்கி' என்கிறார்கள். மயில் தோகை போன்றது என்று பொருள். இலைகள் செதில் செதிலாக, விசிறி போல் செங்குத்தாக நிற்கும். இதில் ஒரு குட்டை வகை உண்டு. உள்ளே பச்சை, நுனியில் பொன் மஞ்சள். கத்தரி போடாமலே உருண்டையாக வளரும். ஆண்டு முழுவதும் இலை இருக்கும். பூப் பூக்காது, சிறு காய் போன்ற கூம்புகள்தான் வரும்.

வளர்க்கும் முறை

தரையைவிடத் தொட்டியே நல்லது. செம்மண், மணல், நன்றாக மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலக்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை அவசியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வெயிலில் சாவதைவிட, அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றிச் சாகும் துஜாவே அதிகம்! மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

புதுச் செடியைக் கோடையில் வைக்கக்கூடாது. மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. காலை வெயில் பட வேண்டும். முழு நிழலில் வைத்தால் பொன் நிறம் மங்கிவிடும். அக்கினி நட்சத்திரத்தின்போது மட்டும் பிற்பகல் நிழல் கொடுங்கள். வறண்ட காலத்தில் சிலந்திப் பேன் தொற்றும். இலை மேல் தண்ணீர் தெளித்தால் குறையும்.

நுனியை மட்டும் லேசாகக் கத்தரிக்கலாம். இலை இல்லாத பழுத்த கிளையை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது. இன்னொன்று: இந்த இலை விஷத்தன்மை உள்ளது. குழந்தைகளும் ஆடுகளும் கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

முருங்கையா, துஜாவா?

"இந்தக் காசுக்கு ஒரு முருங்கை வைத்தால் குழம்புக்கு ஆகுமே!" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குடத்துத் தண்ணீரை அளந்து செலவழிக்கும் ஊரில், முதல் தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும்தான் சேர வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவதில் ஒரே ஒரு தொட்டி துஜா இருக்கட்டும். அரிசி கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். வேலி முழுவதும் வரிசையாக வைப்பது வீண் செலவு.

வேலி ஓரத்துக்குச் செடி வேண்டுமா? அதற்குச் சீனா வரை போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில் காடுகளில் காயா என்ற செடி இருக்கிறது. காசான் என்றும் சொல்வார்கள். இதுவும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது. பளபளக்கும் இலை, கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப் பூ. திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் உவமை சொன்னது இந்தப் பூவைத்தான். நம் மண்ணும் நம் மழையும் இதற்குப் பழக்கம். வேர் பிடித்துவிட்டால் அதிகத் தண்ணீர் கேட்காது.

இவ்வளவு அருமையான செடியை நாற்றுப்பண்ணைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது வருந்தத்தக்கது. குடுமியான்மலையில் 2014 முதல் வேளாண்மைக் கல்லூரி நடந்து வருகிறது. அரசுப் பண்ணையும் இருக்கிறது. காயா நாற்றுகளை அங்கே பெருக்கி மலிவாகக் கொடுத்தால் ஊர் முழுவதும் பசுமையாகும்.

வாசலில் ஒரு தொட்டி துஜா, வேலியில் காயா, கொல்லையில் முருங்கை. இந்த மூன்றும் இருந்தால் கண்ணும் குளிரும், வயிறும் நிறையும், குடமும் காலியாகாது!