காய்ச்சல்காரப் பிள்ளையை மைதானத்தில் இறக்க வேண்டாம்

தீபாவளி நெருங்குகிறது. வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள் தோட்டத்துக்கு வரப்போகிறார்கள். வந்த மறுநாளே மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி. கொழும்புப் பிள்ளைகள் ஓர் அணி, தோட்டத்துப் பிள்ளைகள் ஓர் அணி. இதை நாம் மனதார வரவேற்கிறோம். வருடம் முழுக்கக் கடைக்குள் நிற்கும் பிள்ளைக்கு ஓடியாட வேறு நாள் ஏது?

ஆனால் 2020ஐ மறக்கக் கூடாது. மார்ச் இரண்டாம் வாரம் நாட்டில் கொவிட் பரவத் தொடங்கி, பாடசாலைகளை மூட அறிவிப்பு வந்தது. அதே வாரத்தில், 12 முதல் 14 வரை, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ரோயல் – தோமஸ் கல்லூரிகளின் பெரும்போட்டி கூட்டத்தோடு நடந்து முடிந்தது. அந்த வருடத் தீபாவளிக்கோ, நவம்பர் 11 நள்ளிரவு முதல் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை. கொட்டாஞ்சேனை அதற்கு முன்னரே முடக்கப்பட்டிருந்தது. தடை தேவைதான். ஆனாலும் பண்டிகைக்கு வீட்டு வாசல் மிதிக்க முடியாமல் போனது நம் பிள்ளைகளுக்கு.

இன்று கொவிட் அச்சம் தணிந்துவிட்டது. சளிக்காய்ச்சல், கண்நோய், அம்மை, படர்தாமரை எதுவும் போய்விடவில்லை. ஒரே போத்தலில் பத்துப் பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். ஒருவர் கழற்றிய ஜேர்சியை வியர்வையோடு அடுத்தவர் போடுகிறார். இரவில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் நெருக்கிப் படுக்கிறார்கள். மைதானத்தில் தொற்றியது அங்கே கைக்குழந்தைக்கும் பாட்டிக்கும் போகிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பேர் போகும். தள்ளாடிக்கொண்டு மலைக்குப் போனாலும் கிலோ குறைந்து அரைப்பேர்தான். போட்டிக்கு அடுத்த வாரம் வகுப்பில் எத்தனை வாங்கு காலியாகக் கிடக்கிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் பார்க்கிறோம்.

“நல்ல போலராச்சே, ஒரு பெனடோல் போட்டுக்கிட்டு ஆடட்டும்” என்று சொல்வது பெரியவர்களாகிய நாம்தான். பிள்ளை தானாக விலகமாட்டான். விலகினால் அணி தோற்கும் என்ற பயம். ஆகவே கிளைத் தலைவர்கள் விதியை மாற்ற வேண்டும். ஒவ்வோர் அணியும் இரண்டு மாற்று ஆட்டக்காரரின் பெயர் கொடுக்கட்டும். சுகமில்லாதவருக்குப் பதிலாக அன்று காலையிலும் ஆள் மாற்றலாம், எதிரணி ஆட்சேபிக்கக் கூடாது. அம்மை கண்டவர் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மைதானப் பக்கமே வரவேண்டாம். அவரவர் போத்தல் அவரவருக்கு. மைதானத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் வைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள்.

கொழும்புப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் வெட்டுவார்கள் என்று காய்ச்சலோடு கடையில் நின்று, அதே காய்ச்சலோடு பஸ் ஏறாதீர்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, இரண்டாம் வருடத்திலிருந்து சுகவீனத்துக்கும் சொந்தக் காரியத்துக்குமாக வருடத்துக்கு 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். அதை மறுக்கும் முதலாளி இருந்தால், ஊருக்கு வரும்போது விபரத்தைக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்பது நமது பொறுப்பு.