பெயரை நம்பாதீர்கள், வாசனையை அளந்து சொல்லுங்கள்

மிளகை இடிக்கும்போது எழும் கார நெடியில் பீட்டா கேரியோஃபிலீனுக்கும் பங்கு உண்டு; இது டெர்பீன் எனப்படும் தாவர வாசனைப் பொருள்களில் ஒன்று. கிராம்பிலும் அது இருக்கிறது. கஞ்சாச் செடியின் பெண் பூக்களை மூடியிருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களிலும் அதே மூலக்கூறுதான் ஊறுகிறது.

2008-ல் யூர்க் கெர்ட்ஷ் குழுவினர் சுவிட்சர்லாந்தில் நடத்திய ஆய்வு, இந்த வாசனைப் பொருளுக்குத் தனி மதிப்பைத் தந்தது. கஞ்சாவின் வேதிப்பொருள்கள் பற்றும் உடலின் ஏற்பிகளில் ஒன்றான சிபி2-வோடு அது இணைகிறது என்றும், எலிகளில் வீக்கத்தைக் குறைக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். போதை தரும் டி.எச்.சி. மூளையில் பற்றுவது சிபி1 ஏற்பியை; கேரியோஃபிலீன் அந்தப் பக்கம் போவதில்லை. இதை வைத்து, மனிதர்களின் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதாக விற்பனையாளர்கள் முழங்குவது தவறு. எலியில் கண்டது எலியில் கண்டதுதான்.

செடி வளர்ப்போருக்கு இதைவிடச் சுவையான செய்தி 2017-ல் கனடாவிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கஞ்சாவில் டெர்பீன்களை உருவாக்கும் நொதிகளையும் அவற்றின் மரபணுக்களையும் அடையாளம் கண்டார்கள். அவற்றில் ஒரே நொதி கேரியோஃபிலீனையும் ஹியூமுலீனையும் சேர்த்தே உருவாக்குகிறது. ஹியூமுலீன், பீருக்கு மணமூட்டும் ஹாப்ஸ் கொடியில் நிறைந்திருப்பது; ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். ஆகவே மிளகு மணத்துக்காக ஒரு செடியைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஹாப்ஸ் மணமும் கூடவே வந்து சேரும். கண்மூடித்தனமாகக் கலப்பு செய்த காலத்தில் தற்செயலாகக் கிடைத்ததை, இனி மரபணுவைப் பார்த்தே தேடலாம்.

மரபு மட்டும் போதாது. ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட கன்றுகளில்கூட ஒளிக்கும் உலர்த்தும் முறைக்கும் ஏற்ப மணம் மாறும். மிர்சீன், லிமோனீன் போன்ற இலகுவான டெர்பீன்கள் உலரும்போது விரைவில் ஆவியாகும். கனமான கேரியோஃபிலீன் அவற்றைவிட அதிகம் தங்கும்.

இத்தனைக்கும் கஞ்சா விற்கும் கடையில் இன்னும் ‘இண்டிகா’, ‘சாட்டிவா’ என்ற இரண்டு வகைப் பெயர்களே ஆள்கின்றன. அந்தப் பெயர்களுக்கும் செடியின் ஒட்டுமொத்த மரபுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தார் 2021-ல் காட்டினார்கள். பெயர்கள் ஓரளவு பொருந்தியது சில டெர்பீன்களோடும் அவற்றின் மரபணுக்களோடும்தான்.

2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கிய கனடா, டி.எச்.சி., போதை தராத சி.பி.டி. ஆகியவற்றின் அளவுகளை உறையில் அச்சிடக் கட்டாயப்படுத்துகிறது. வகைப் பெயர்கள் நம்பத் தகாதவை என்பதால், முக்கிய டெர்பீன்களின் அளவையும் அதே உறையில் கட்டாயமாக்க வேண்டும்.