கடற்பசுக் காப்பகத்தில் நம் இடம் எது? பாக் விரிகுடாக் கரைக்கு ஒரு திறந்த மடல்

மல்லிப்பட்டினம் முதல் கட்டுமாவடி வரை கரையோரம் வாழும் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், நண்டு பிரித்தும் கருவாடு காயவைத்தும் வீட்டை நடத்தும் அத்தை சித்திகளுக்கும், படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் உங்கள் ஊர்க்காரன் எழுதுகிறேன். ஊரிலிருந்து யார் பேசினாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: “ஆவுளியாவுக்குக் காப்பகம் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு நம்மைக் கடலில் இறங்க விடுவார்களா?” போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லாததால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் ஆவுளியா என்று நாம் அழைக்கும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்த விலங்குக்காக இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் அது. நாடு முழுவதும் ஏறத்தாழ 240 கடற்பசுக்களே மிச்சம், அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில் என்று அரசு அப்போது கணக்குச் சொன்னது. பெட்டை, ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய உயிர் என்பதால், செவுள்வலையில் மாட்டினால் தப்புவது அரிது. ஆண்டுக்குச் சில வலையில் போனாலும் இந்தக் கூட்டம் தாங்காது. அரசு அவசரப்படுவதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்து வந்த பெண்கள் சொந்தக் கடலில் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் இன்ன நாட்களில்தான் இறங்குவோம் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டு, அந்தக் கட்டுப்பாட்டைக் காட்டியே அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பாசி எடுக்கும் ஓர் அம்மாவைச் சூழல் காவலர் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

நம்முடையது தேசியப் பூங்கா அல்ல, பாதுகாப்புக் காப்பகம். சட்டத்தில் இரண்டும் வேறு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவுப்படி, அங்கு வாழும் மக்களைக் கலந்துபேசிய பிறகே இத்தகைய காப்பகத்தை அறிவிக்க வேண்டும். 36பி பிரிவுப்படி அமையும் மேலாண்மைக் குழுவில் அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. மீனவர் சங்கம் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே நம் குரல் நுழைய இருக்கும் முக்கிய வாசல் பஞ்சாயத்துப் பிரதிநிதிதான். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன பேசினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்த இடத்தில் உட்காருபவர் வெறுங்கையோடு போகக் கூடாது. நம்மிடம் இருக்கும் விவரத்தோடு போக வேண்டும். நம் விரிகுடா ஆழம் குறைந்தது, கலங்கலானது. மேலிருந்து பார்த்து ஆவுளியாவை எண்ணுவதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், அது இங்கே இல்லை. கடற்புல் எத்தனை பாகத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, கஜா புயல் அடித்துப் போன பிறகு எந்த இடத்தில் அந்தப் புல் கரைந்தது, எங்கே திரும்ப முளைத்தது, நீவாடு (நீரோட்டம்) மாறும்போது ஆவுளியா எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதெல்லாம் நாள் தவறாமல் கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். இதை முறையாகத் தேதி, நேரம், இடத்தோடு குறித்துவைத்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சித் தரவு. குறிக்காமல் விட்டால் டீக்கடைப் பேச்சோடு போய்விடும்.

நான் இருக்கும் கரைக்கு வடக்கே ஷார்க் விரிகுடா இருக்கிறது. 1991இல் உலகப் பாரம்பரிய இடமான அங்கே பத்தாயிரம் அளவில் கடற்பசுக்கள் மேய்கின்றன. அங்குள்ள கடற்புல் படுகை ஒன்று, ஒரே விதையிலிருந்து 180 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவிய ஒற்றைச் செடி என்று 2022இல் மரபணு ஆய்வு காட்டியது. அதன் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அப்படிப்பட்ட இடத்தையும் 2010–11 கோடையில் வந்த கடல் வெப்ப அலை விடவில்லை. பெரும் பரப்பில் கடற்புல் செத்தது. மீட்கும் வேலையில் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு அந்த மண்ணின் பூர்வகுடிகளான மல்கனா மக்கள் இறங்கியிருக்கிறார்கள். மணல் நிரப்பிய சணல் பைகளைக் கடலடியில் போட்டு, மிதந்து வரும் நாற்றுகள் அதில் பற்றிக்கொள்ள வைக்கிறார்கள். அந்த மக்களின் நில, நீர் உரிமையை 2018இல் நீதிமன்றம் ஏற்றது. இன்று அவர்களின் இளைஞர்கள் சீருடை போட்ட, சம்பளம் வாங்கும் கடல் காவலர்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் டீக்காசு அல்ல அது, மாதச் சம்பளம்.

நம் பக்கமும் இது புதிதல்ல. பேராவூரணிப் பக்கம் வேலிவயலில் இயங்கும் ஓம்கார் அமைப்பு, மூங்கில் சட்டத்தில் தென்னைநார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல் தண்டுகளைப் பிணைத்து நட்டுப் பார்த்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: கயிறு திரிப்பது நம் ஊர்த் தொழில். மூங்கில் சட்டம் கட்டவும், படகில் கொண்டுபோய் இறக்கவும், மூழ்கிப் பார்த்து வேர் பிடித்ததா என்று சொல்லவும் நம்மிடம் ஆள் இருக்கிறது. கடற்புல் மீட்பு பெரிய திட்டமாக வரும்போது ஒப்பந்தம் வெளியூர்க் கம்பெனிக்குப் போய், நம் பிள்ளைகள் அதில் கூலிக்கு நிற்க வேண்டுமா? மகளிர் குழு பெயரிலும் கூட்டுறவுச் சங்கம் பெயரிலும் நாமே கேட்கலாம்.

மனோராவில் கடற்பசுப் பாதுகாப்பு மையம் கட்டப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. அங்கே படகோட்டி, முக்குளிப்பவர், ட்ரோன் இயக்குபவர், தரவு பதிபவர், ஆய்வகப் பணியாளர் எல்லோரும் தேவைப்படுவார்கள். பொறியியல் படித்து முடித்துக் கோயம்புத்தூரிலும் துபாயிலும் வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1947இலேயே தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது. ஆவுளியா மேய்ந்த தடம் எது, நண்டு கிளறிய இடம் எது என்று பார்த்ததும் சொல்லும் பிள்ளை, வகுப்பில் படம் பார்த்துப் படித்தவரைவிட ஒரு படி முன்னால்தான் நிற்கிறது. விண்ணப்பம் போடுங்கள்.

ஆய்வு செய்ய வருகிறவர்களை விரட்ட வேண்டாம், வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நிபந்தனை சொல்லுங்கள். படகை எடுத்தால் அன்றைய மீன்பாட்டுக்கு ஈடான வாடகை. கட்டுரையில் தகவல் தந்தவரின் பெயர், அவர் விரும்பினால். முடிவுகளைத் தமிழில் எழுதி ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆவுளியா கூடும் துல்லியமான இடத்தை ஊர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. இவை பேராசை அல்ல. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்ற செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. அந்த மருந்துக்கான உரிமத்தொகையில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குத் தருவதென்று 1990களிலேயே முடிவானது. அதன்பின் வந்த 2002ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. வணிகத்துக்காக உயிரின வளங்களை எடுக்க வருகிறவரிடம் கட்டணம் வாங்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு உண்டு. நம் பஞ்சாயத்தில் அந்தப் பதிவேடு இருக்கிறதா? அதில் கடல் இருக்கிறதா, இல்லை வேப்பமரமும் கோவைக்கொடியும் எழுதி மூடிவிட்டார்களா?

இதெல்லாம் கேட்கும் உரிமை, நாமும் ஒழுங்காக இருக்கும்போதுதான் நிற்கும். விசைப்படகு கரையோரப் புல்லைச் சுரண்டி இழுத்துக்கொண்டு போவதை ஊரே பார்க்கிறது. யார் என்றும் தெரியும். ஆனாலும் சொந்தம், சம்பந்தம் என்று பேசாமல் இருக்கிறோம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இந்த விரிகுடாவில் பல காலமாக நடக்கிறது. அதைக் காக்கத் தெரிந்த நமக்குக் கடற்புல் பரப்பில் மடி இழுக்கக் கூடாது என்ற இன்னொரு கட்டுப்பாடு போடத் தெரியாதா? வலையில் மாட்டிய ஆவுளியாவை உயிரோடு விட்டவர்களை வனத்துறை மேடையேற்றிப் பாராட்டிப் பரிசு தருகிறது. அறுந்த வலையின் விலை அதில் முழுதாக வராது. வலைக்கு நட்டஈடு தனியாக வேண்டும் என்று கேட்பதும் மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டிய கோரிக்கைதான்.

அடுத்த கிராம சபைக்கு ஆண்களும் பெண்களுமாகப் போங்கள். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மூன்று தீர்மானம் எழுதுங்கள். காப்பக மேலாண்மைக் குழுவுக்கு நம் பஞ்சாயத்துப் பிரதிநிதி கடலுக்குப் போகிறவராக இருக்க வேண்டும். பல்லுயிர்ப் பதிவேட்டில் கடற்புல்லும் மீனும் நண்டும் பாசியும் நம் வாயால் சொல்லிப் பதிவாக வேண்டும். காப்பகம் சார்ந்த எந்த வேலையிலும் கரையோரக் கிராமத்தவருக்கு முதலிடம் தர வேண்டும். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள். இங்கே மல்கனா காவலர்கள் என்ன சம்பளத்தில், என்ன விதிமுறையில் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்துத் தமிழில் எழுதி அனுப்புவது என் பொறுப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அன்புடன்,
கடல் கடந்து வந்த உங்கள் பிள்ளை